ஆஷ்காஷ் நோக்கி இருவர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபேகோ ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த ஆஷ்காஷ் என்னும் சிறுநகரின் விமான நிலையம் ஆண்டின் பெரும்பகுதியில் பரபரப்பற்றே இருக்கிறது. ஆனால் ஜூலை மாத இறுதியில் ஒரு வாரம் நடைபெறும் ‘ஏர்வென்ச்சர்’ விமானக் காட்சியின்போது, அதன் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே மிகுதியான விமானங்களைக் கையாளும் கோபுரமாகிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் 30 வரையிலான பதினொரு நாட்களில் அங்கு விமானங்கள் ஏறியதும் இறங்கியதுமாக 21,883 நிகழ்வுகள் பதிவாயின. நிலையம் திறந்திருந்த நேரத்தை மட்டும் கொண்டு பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 148 என்று கணக்காகிறது. இந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு விமான நிறுவனங்களுடையதன்று. இரண்டு அல்லது நான்கு இருக்கைகளும் ஒற்றை எஞ்சினும் கொண்ட சிறு விமானங்களில், பெரும்பாலும் ஒரு நண்பரை அருகில் அமர்த்திக்கொண்டு, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து சேரும் தனியார் விமானிகளுடையது அது. வானில் நிகழும் சாகசங்களைப் பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர். அவற்றைக் காண வருவோர் வந்து சேரும் முறை, அச்சாகசங்களைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது.

இக்காட்சியை நடத்தும் ‘எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்’ என்ற சங்கம் 1953-இல் பால் போபரெஸ்னி என்பவரால் மில்வாக்கி நகர வட்டாரத்தில் தொடங்கப்பட்டது. தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் தாங்களே விமானம் கட்டிய ஆர்வலர்கள் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துக் கற்பதற்காக அதே ஆண்டு செப்டம்பரில் கூடிய முதல் கூட்டத்துக்கு ஒரு சில விமானங்களே வந்தன. பின்னர் 1959-இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டுக்கும், 1970-இல் ஆஷ்காஷுக்கும் இடம் மாறிய இக்கூட்டம், இன்று அவ்வட்டார விமான நிலையங்களில் மொத்தம் பத்தாயிரம் அளவுக்கு விமானங்களும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் வந்து கூடும் நிகழ்வாக வளர்ந்துள்ளது. ஆஷ்காஷ் நிலையம் ஸ்டீவ் விட்மன் என்னும் பந்தய விமானியின் பெயரைத் தாங்கியுள்ளது. 1931 முதல் 1969 வரை அதன் மேலாளராக இருந்த அவர் வகுத்த எஃகு வில் போன்ற தரையிறங்கு கால்களின் உரிமையை செஸ்னா நிறுவனம் பெற்றுத் தன் சிறு விமானங்களில் பொருத்தியது. அங்கு வந்திறங்கும் செஸ்னாக்களுள் பல அவருடைய சிந்தனையின் மீதே தரையைத் தொடுகின்றன என்பது நினைவில் கொள்ளத் தக்கது.

இப்பயணத்துக்கு மிகுதியாகப் பயன்படும் விமானங்களுள் ஒன்றான செஸ்னா 172, உலகில் வேறெந்த விமான வகையையும்விட அதிக எண்ணிக்கையில், அதாவது 44,000-க்கும் மேல், செய்யப்பட்டதாகும். அதில் நான்கு இருக்கைகள் உண்டு என்றாலும் நான்கு பெரியவர்கள் எரிபொருள் தொட்டி நிறைய நிரப்பிக்கொண்டு அதில் பறக்க இயலாது என்பதைப் புதிதாக அறிவோர் வியப்பதுண்டு. அண்மைக்கால மாதிரி ஒன்றில் புறப்படும்போது இருக்கத்தக்க மொத்த எடை 1,157 கிலோ. வெற்று விமானத்தின் எடையைக் கழித்தால் ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் ஆகிய அனைத்துக்குமாக எஞ்சுவது 400 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தொட்டி நிறைய, அதாவது பயன்படத்தக்க 200 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் அதுவே 144 கிலோ ஆகிவிடும். மீதமுள்ள சுமார் 250 கிலோவுக்குள் இருவர் அமர்ந்து, கூடாரம், படுக்கைப் பை, உடை, குடிநீர், விமானத்தைத் தரையோடு கட்டிவைக்கும் கயிறு, முளை ஆகியவற்றை ஏற்றிக்கொள்ளலாம். மூன்றாமவர் வந்தால் எரிபொருளைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே, இருவர் பயணம் என்பது நட்பினால் மட்டும் அமைவதன்று, இயற்பியலும் அதையே விதிக்கிறது. எடையின் அளவோடு அது எங்கு வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம்: பின்புறம் சுமை கூடினால் விமானத்தின் ஈர்ப்புமையம் பின்னோக்கி நகர்ந்து, வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலையிலிருந்து மீள்வது கடினமாகும். கோடை வெப்பத்தில் காற்று விரிந்து அடர்த்தி குறைவதால் எஞ்சினின் ஆற்றலும் இறக்கையின் தூக்கும் திறனும் ஒருசேரக் குறையும். எனவே ஜூலை மாத நண்பகலில் நிறைசுமையோடு புறப்படும் விமானம், குளிர்ந்த காலையில் புறப்படுவதைவிட நெடுந்தூரம் ஓடிய பிறகே தரையை விட்டு எழும்.

நண்பரோடு பறப்பதற்குச் சட்டமும் ஒரு வரையறை வைத்திருக்கிறது. தனியார் விமானி உரிமம் பெற்றவர் பணத்துக்காகப் பயணிகளை ஏற்றிச் செல்லலாகாது. ஆயினும் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகிய நான்கு செலவுகளை உடன் வருவோருடன் பகிர்ந்துகொள்ளலாம். அப்போதும் விமானி தன் பங்குக்குக் குறைவாகச் செலுத்தக்கூடாது என்பது அமெரிக்க விதி. இருவர் போனால் விமானி குறைந்தது பாதியைக் கொடுத்தாக வேண்டும். வாடகையும் பெட்ரோலும் சேர்ந்து பல மணி நேரப் பறப்பைச் செலவு மிக்கதாக ஆக்குவதால், இந்த விதி இல்லாவிடில் நடுத்தர வருவாயுள்ள பலர் ஆஷ்காஷை எட்டியிருக்க மாட்டார்கள். அருகில் அமர்பவரும் உரிமம் பெற்ற விமானியாகவே இருந்தாலும், எந்தக் கணத்திலும் இறுதிப் பொறுப்பு ஒருவருக்கே உரியது. அவரைத் தலைமை விமானி என்பர். இருபுறமும் கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ள விமானத்தில் யார் ஓட்டுகிறார் என்பதில் ஐயம் எழுந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால், ஒருவர் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்வதும், மற்றவர் ஏற்றுக்கொண்டதை வாய்விட்டுச் சொல்வதும், முதலாமவர் அதை மீண்டும் உறுதிசெய்வதும் ஆகிய மூன்று படிகள் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகின்றன.

உரிமம் இல்லாத நண்பரும் வெறும் பயணியாக இருக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே உள்ள விமானி அறையில் தோளோடு தோள் உரச அமர்ந்து, காதுகளை மூடும் பேச்சுக் கருவியின் வழியாகவே உரையாடும் இருவருள், ஒருவரது கை விமானத்தைச் செலுத்துகையில் மற்றவர் வானத்தில் பிற விமானங்களைத் தேடலாம், வரைபடத்தைப் பிடிக்கலாம், அடுத்து மாற்ற வேண்டிய வானொலி அலைவரிசையைத் தயாராக வைக்கலாம், சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிக்கலாம். வணிக விமானங்களில் 10,000 அடிக்குக் கீழே பறப்பதற்குத் தேவையற்ற பேச்சு கூடாது என்று 1981-இல் விதிக்கப்பட்ட நெறியைச் சிறு விமானத்தினரும் தாமாகவே பின்பற்றுவதுண்டு. புறப்படும்போதும் இறங்கும்போதும் அரட்டையை நிறுத்திவிடுவோம் என்று தரையிலேயே பேசிவைத்துக்கொள்வார்கள். பெரிய விமானங்களில் தலைமை விமானியின் தவறைத் துணை விமானி தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டும் என்னும் குழுப் பயிற்சி முறை, 1970-களின் பெருவிபத்துகளை ஆராய்ந்து நாசா 1979-இல் நடத்திய பயிலரங்கிலிருந்து வளர்ந்தது. அதன் சாரம் நண்பர்கள் இருவருக்கும் அப்படியே பொருந்தும், அதிலும் ஒரு கூடுதல் சிக்கலோடு: நண்பனின் மனம் நோகக்கூடாது என்ற தயக்கம் விமானத்தினுள் நல்லதைச் செய்வதில்லை.

வழி தேர்வதில் அந்தத் தயக்கம் முதலில் சோதிக்கப்படுகிறது. கிழக்கு மாநிலங்களிலிருந்து வருவோரின் குறுக்கே மிச்சிகன் ஏரி கிடக்கிறது; லடிங்டனுக்கும் மானிட்டவாக்குக்கும் இடையே அதன் அகலம் 90 கிலோமீட்டருக்கு மேல். எஞ்சின் நின்றுவிட்ட செஸ்னா 172, ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழந்து ஒன்பது கிலோமீட்டர் அளவுக்குச் சறுக்கிச் செல்லும். மூன்று கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் அது எட்டக்கூடியது 27 கிலோமீட்டரே என்பதால், ஏரியின் நடுப்பகுதியில் எந்தக் கரையையும் அடைய முடியாத ஒரு பட்டை இருக்கிறது. ஏரியைத் தாண்டினால் பயணம் வெகுவாகக் குறையும். தெற்கே இறங்கி சிகாகோவின் கரையோரமாகச் சுற்றினால் நேரமும் எரிபொருளும் கூடும். உயிர்காப்பு அங்கியோடு உயரமாகத் தாண்டுவோரும் உண்டு, தாண்டவே மாட்டோம் என்போரும் உண்டு. ஒற்றை எஞ்சினில் செல்லும் இருவருள் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லையென்றால் சுற்றிச் செல்வதே முறை. அங்கு வாக்கெடுப்புக்கு இடமில்லை.

வானிலை அதைவிடக் கடுமையான சோதனை. கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி செல்லும் விமானி பகலில் பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வரை தெளிவாகப் பார்க்க முடிய வேண்டும், மேகங்களிலிருந்து வகுக்கப்பட்ட தொலைவு விலகியிருக்க வேண்டும். மேகத்துள் நுழைந்தவருக்குத் தொடுவானம் மறைந்துவிடுகிறது. காதினுள் உள்ள சமநிலை உறுப்பு மெதுவான திருப்பத்தை உணராததால், விமானம் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும் நேராகச் செல்வதாகவே மூளை நம்புகிறது. கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி செய்து 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 வினாடிகள், மூன்று நிமிடங்கள்கூட இல்லை. ஆண்டு முழுதும் காத்திருந்த காட்சி, முன்பணம் கட்டிய விமானம், அங்கு எதிர்பார்த்திருக்கும் தோழர்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்து ‘எப்படியாவது போய்விடலாம்’ என்ற உந்துதலைத் தருகின்றன. இந்த உந்துதலே பல விபத்துகளுக்கு மூலம் என்று விமானப் பயிற்சியாளர்கள் ஓயாமல் எச்சரிக்கின்றனர். ஆகவே புறப்படும் முன்பே, இருவருள் யார் ‘திரும்பலாம்’ என்றாலும் காரணம் கேட்காமல் திரும்புவது என்று உடன்பட்டுக்கொள்வது இந்தப் பயணத்துக்கான ஏற்பாடுகள் அனைத்திலும் தலையாயது. வலப்புறம் அமர்ந்திருப்பவர் விமானத்தை ஓட்டாததாலேயே வெளியே இருள்வதை முதலில் காண்கிறார். அவர் வாய் திறப்பதற்கு அந்த உடன்பாடு வேண்டும்.

காட்சிக்கான வருகை நெறிகளை அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆண்டுதோறும் ஒரு சிறு நூலாகவே வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் யாரும் அவ்வழியில் நுழையலாகாது. வழக்கமான நிலையங்களில் விமானி தன் அடையாள எண்ணைச் சொல்லி அனுமதி கேட்பார், கோபுரம் விடை சொல்லும், விமானி அதைத் திருப்பிச் சொல்வார். மணிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வரும் இடத்தில் அந்த உரையாடலுக்கே நேரம் போதாது. எனவே ஆஷ்காஷில் விமானிகள் பேசுவதில்லை. கேட்டு, கேட்டபடி நடக்கிறார்கள்.

நகரின் தென்மேற்கே உள்ள ரிப்பன் என்னும் ஊரின் மேல் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு ரயில் தண்டவாளம் வடகிழக்காக ஃபிஸ்க் என்னும் சிற்றூரை நோக்கிச் செல்கிறது, அதுவே வழிகாட்டி. வரிசையில் வருவோர் 1,800 அடி உயரத்தில் 90 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 167 கிலோமீட்டரில், முன்னால் செல்பவருக்கு அரை மைல் பின்னே பறக்க வேண்டும். அவ்வளவு மெதுவாகப் பறக்க இயலாத விமானங்களுக்கு 2,300 அடியில் 135 நாட் என்று தனி அடுக்கு உண்டு. 90 நாட் வேகத்தில் அரை மைல் என்பது பதினேழு வினாடி இடைவெளியே ஆகும். முன்னால் செல்பவரை நெருங்கிவிட்டால் வளைந்து வளைந்து பறந்து தாமதிப்பதற்கோ முந்திச் செல்வதற்கோ இடமில்லை. வரிசையை விட்டு விலகி, ரிப்பனுக்குத் திரும்பி, மீண்டும் கடைசியில் சேர வேண்டும்.

இங்கு இரண்டாவது இணைக் கண்களின் தேவை முழுமையாக வெளிப்படுகிறது. செஸ்னா போல இறக்கை மேலே அமைந்த விமானத்தில் தரை நன்கு தெரியும், ஆனால் மேற்புறமும் திரும்பும் பக்கமும் மறைந்திருக்கும்; பைப்பர் செரோக்கி போல இறக்கை கீழே அமைந்ததில் மேற்புறம் திறந்திருக்க, கீழ்ப்புறம் மறையும். கீழிறக்கை விமானம் ஒன்று மேலிறக்கை விமானத்தின் நேர் மேலே வந்து இறங்கத் தொடங்கினால், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. வேகமானியிலும் உயரமானியிலும் கண் வைத்திருக்கும் விமானியால் இவ்வளவையும் ஒருசேரக் கவனிக்க முடியாது. முன்னே செல்லும் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதும், பக்கவாட்டிலிருந்து வரிசையில் நுழைய முயல்பவரைச் சொல்வதும் நண்பரின் வேலை.

ஃபிஸ்கில் ஒரு மேட்டின் மேல், இளஞ்சிவப்புச் சட்டை அணிந்த கட்டுப்பாட்டாளர்கள் தொலைநோக்கியும் வானொலியும் கொண்டு வெட்டவெளியில் நின்று மேலே பார்க்கின்றனர். அடையாள எண்களை அவர்கள் கேட்பதில்லை. ‘நீல வெள்ளை மேலிறக்கை விமானமே, இறக்கையை ஆட்டுக’ என்பது போல நிறத்தாலும் வடிவாலும் அழைக்கின்றனர். விமானி வாய் திறவாமல் விமானத்தை இடமும் வலமும் சாய்த்துக் காட்ட, அதுவே விடையாக ஏற்கப்பட்டு, தண்டவாளத்தைத் தொடர்வதா ஃபிஸ்க் அவென்யூ என்ற சாலையைப் பற்றிச் செல்வதா, எந்த ஓடுபாதை, எந்தக் கோபுர அலைவரிசை என்ற ஆணை வருகிறது. தலையசைத்து இசைவு சொல்வது போன்ற இந்தச் சைகையால், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரு சொல்லும் பேசாமல் ஒழுங்கில் நிறுத்தப்படுகின்றனர். அதை வெறும் தந்திரமாகக் கருதிவிடக் கூடாது. ஒவ்வொருவரும் அந்த நூலைப் படித்துத்தான் வந்திருப்பார் என்ற பரஸ்பர நம்பிக்கையின் மீதே அம்முறை நிற்கிறது. அந்த நம்பிக்கை பொய்க்கும் தருணங்களும் உண்டு. 2018-இல் தொடக்க நாட்களில் வானிலை கெட்டு, பல இடங்களில் தேங்கிய விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து குவிந்தபோது, ரிப்பனைச் சுற்றி நெடுநேரம் வட்டமிட்டும் இறங்க இயலாமல் திரும்பியோர் பலர். அதன் பின்னர், நெரிசல் வேளைகளில் எண்டெவர் பாலம், பக்காவே ஏரி, கிரீன் ஏரி என ரிப்பனுக்கு வெகு முன்னதாகவே வரிசையைத் தொடங்கும் இடங்கள் சேர்க்கப்பட்டன. பகலில் கண்ணால் பார்த்துப் பறப்போர் சேருமிடத்தை அடைந்த பின்னும் அரை மணி நேரத்துக்குப் போதிய எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆஷ்காஷுக்கு அது போதாது என்பதால், அருகிலுள்ள வேறொரு நிலையத்தில் இறங்கித் தொட்டியை நிரப்பி, உடலுக்கும் சற்று ஓய்வளித்துவிட்டு ரிப்பனுக்குச் செல்வதை அனுபவமுள்ளோர் பரிந்துரைக்கின்றனர்.

ஓடுபாதைகளின் பெயர்கள் திசைகாட்டியின் பாகைகளைப் பத்தால் வகுத்து இடப்படுவன; 36 என்றால் வடக்கு நோக்கியது, 27 என்றால் மேற்கு நோக்கியது. ஆஷ்காஷின் நீண்ட ஓடுபாதை 8,002 அடி. அந்த வாரத்தில் அதற்கு இணையாகச் செல்லும் சிறு பாதையும் ஓடுபாதையாகவே பயன்படுகிறது. பாதையின் மேல் ஆரஞ்சு, பச்சை, ஊதா எனப் பெரிய வண்ணப் புள்ளிகள் தீட்டப்பட்டிருக்க, ஒருவரை முதல் புள்ளியிலும் அடுத்தவரை அதற்கு அப்பாலும் இறங்கச் சொல்லி, ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விமானங்களை இறக்குகின்றனர். தன் வழக்கமான இடத்தில் இறங்கியே பழகிய விமானிக்கு, இறுதிக் கணத்தில் சொல்லப்படும் புள்ளியை நோக்கிச் சறுக்கை நீட்டுவதும் சுருக்குவதும் எளிதன்று. அவ்வாறு நீட்டும் முயற்சியில் வேகத்தை இழப்பதே அங்குள்ள பெரும் அபாயம். அதற்காகவே பலர் புறப்படும் முன் சொந்த ஊரில் குறித்த புள்ளியில் இறங்கப் பயின்றுவிட்டு வருகின்றனர். இறங்கிய விமானம் பாதையில் தங்காமல் உடனே புல்வெளிக்கு விலக வேண்டும். முகப்புக் கண்ணாடியில் வைத்த தாளில் உள்ள எழுத்துகளைப் பார்த்து, கூடாரமிடுவோர் எங்கே, நிறுத்திவிட்டுச் செல்வோர் எங்கே, வீட்டில் கட்டிய விமானங்கள் எங்கே என்று கொடியசைத்துத் தன்னார்வலர்கள் வழிகாட்டுகின்றனர். இக்காட்சிக்காக ஊதியமின்றி உழைப்போர் 5,000-க்கும் மேல்.

புல்வெளியில் விமானத்தைக் கயிற்றால் கட்டுவதே முதல் வேலை. கோடையில் அப்பகுதியில் எழும் இடிப்புயல், கட்டாத விமானத்தைப் புரட்டிவிடும். இறக்கையின் கீழே கூடாரமிட்டு, பக்கத்து விமானத்தில் வந்தவர்களோடு உணவைப் பகிர்ந்து, பகலில் பட்டறைகளில் துணி ஒட்டவும் தகடு தறையவும் உலோகம் பற்றவைக்கவும் கற்று அங்கே பல நாட்கள் தங்குவோர் பல்லாயிரம் பேர். பிற்பகலில் சாகசக் காட்சி நடக்கும் சில மணி நேரம் நிலையம் மற்ற விமானங்களுக்கு மூடப்படும். இரவிலும் மூடியே இருக்கும். அந்த நேரங்களுக்குப் பிந்தி வந்து சேருவோர் அண்டை நிலையங்களை நாட வேண்டியிருப்பதால், புறப்படும் நேரத்தைக் கணிக்கும்போதே இந்த மூடல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியேறுவதற்கும் நெறிகள் உண்டு. கண்ணால் பார்த்துப் பறந்து செல்வோர் அதற்கான அடையாளத் தாளைக் கண்ணாடியில் வைத்துக் கொடியசைப்போரைப் பின்தொடர்ந்து ஓடுபாதையை அடைகின்றனர். கடல்மட்டத்திலிருந்து 808 அடி உயரத்தில் உள்ள அந்நிலையத்திலிருந்து எழுந்த பின், அதன் கட்டுப்பாட்டு வெளியைக் கடக்கும் வரை 1,300 அடிக்கு மேல் ஏறாமல், அதாவது தரைக்கு மேல் ஏறத்தாழ 500 அடியிலேயே, பறக்க வேண்டும். உள்ளே வருவோர் அதற்கு மேலே இருப்பார்கள். ஒரு வாரம் வெயிலில் அலைந்து களைத்த உடல், இடம்மாறி அடுக்கப்பட்ட சுமை, வாங்கிச் சேர்த்த கருவிகள் ஆகியவை எடைக் கணக்கை மாற்றியிருக்கும் என்பதால், அக்கணக்கைத் திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டும். இருவரும் உரிமம் பெற்றவர்களாயின் இந்தத் திரும்பும் பயணத்தில் இருக்கை மாறிக்கொள்வதும் உண்டு. அப்போது தலைமைப் பொறுப்பும் கைமாறி, பறந்த நேரம் மற்றவருடைய பறப்புக் குறிப்பேட்டில் பதியப்படுகிறது.